கொத்து ரொட்டிக்கு ஏன் சோயா சோஸ்?

புலம்பெயர் சமையற்குறிப்புகளில் கொத்து ரொட்டி படும்பாடு சொல்லுந் தரமன்று. வீச்சு ரொட்டிக்குப் பதில் மெக்சிக்கோவின் டோர்ட்டியா; எண்ணெயில் ஊறவைத்து வீசிய மாவின் மென்மை அதற்கேது? குழம்புக்குப் பதில் சோயா சோஸ். கேட்டால், "கடையின் இரும்புத் தட்டு வீட்டில் இல்லையே" என்கிறார்கள். இந்தச் சாட்டை நான் ஏற்கேன்.

தடித்த தட்டில் அள்ளிக் கொட்டினாலும் சூடு சட்டென இறங்காது. வீட்டுத் தாச்சியில் ஐந்து பேருக்கானதை ஒன்றாகக் கொட்டினால் ரொட்டி வறுபடாது. ஆவியில் அவிந்து களியாகும். எனவே ஒருவருக்கானதை மட்டும் ஒரு தடவையில் போடுங்கள். வெங்காயமும் லீக்ஸும் வதங்க, முட்டையைக் கிளறி, முதல்நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இறைச்சிக் குழம்பைக் கடைசியிற் கரண்டி கரண்டியாக விடவேண்டும். குழம்பும் நேற்றையதாயின் இன்னும் நன்று.

அந்தக் குழம்பை வைக்கப் பஞ்சிப்படுவோரே சோஸ் போத்தலைத் தேடுகின்றனர். சமைக்கட்டும்; வேறு பெயர் வைக்கட்டும்.