விதைநெல்லும் பேராசிரியரும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் விவசாயப் பெருமக்கள் வாயில் வழங்கும் பழமொழி. அவ்வாறு மிஞ்சாத நிலையிலும், தோட்டத்தை ஈடுவைத்தேனும் மகனுக்குக் கணக்குப் படிப்பித்த சமுதாயம் நமது சமுதாயம். அந்தப் படிப்பின் பலன் எங்கே போயிற்று? பேராசிரியர் சி. ஜே. எலியேசர் அவர்களின் வாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும்.

1918ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி வட இலங்கையிற் பிறந்த அன்னார், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்தார். இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1942இலேதான் அமைந்தது. அதற்கு முன்னர் அக்கல்லூரி மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளையே எழுதினர். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று, 1933இல் நோபெற் பரிசு பெற்ற பௌதிக மேதை டிராக் அவர்களின் கீழ் ஆராய்ச்சி செய்யும் பேறு பெற்றார்.

அவர் ஆராய்ந்த பொருள் யாது? இலத்திரன் என்னும் நுண்துகள் தன் வேகம் மாறுந்தோறும் கதிர்வீசிச் சத்தியை இழக்கும். அவ்விழப்பையும் சேர்த்து அதன் இயக்கத்தைக் கூறும் சமன்பாடொன்றை டிராக் 1938இல் வெளியிட்டார். இலத்திரனொன்று தன்னைக் கவரும் புரோத்தனை நோக்கி நேர்கோட்டிற் சென்றால், ஈற்றில் அதனோடு மோதும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், டிராக்கின் சமன்பாட்டின்படி அது மோதவே மாட்டாது, திரும்பி விலகி ஓடிவிடும் என்று 1943இல் எலியேசர் நிறுவிக் காட்டினார். ஆசானின் சமன்பாட்டுள் மறைந்து கிடந்த இடர்ப்பாட்டை மாணவரே வெளிப்படுத்தினார். 1948இல் அவர் முன்வைத்த மாற்றுச் சமன்பாடு இன்றும் பௌதிக நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இத்தகைய அறிஞர் வாழ்நாளெல்லாம் செய்த தொழில் யாது? ஆசிரியத் தொழிலே! 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும், 1968இல் மெல்பேணில் புதிதாகத் தோன்றியிருந்த லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று கற்பித்தார். 1983ஆம் ஆண்டு யூலைக் கொடுமையின் பின் அவுஸ்திரேலியத் தமிழர் மத்தியில் இனத்தின் துயர் துடைக்க முன்னின்றார். 2001ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி மறைந்தார்.

மூன்று நாடுகளின் மாணவர் அவரிடம் கணிதம் கற்றனர். அவரை உருவாக்கிய மண்ணின் இன்றைய நிலை என்ன? வன்னியிலும் படுவான்கரையிலும் கணிதம் கற்பிக்கத் தக்க ஆசிரியரின்றித் தவிக்கும் பாடசாலைகள் இன்றும் உண்டு. இதற்கு அரசின் ஓரவஞ்சனையைக் காரணங் காட்டுவோர் கூற்றிற் பெரும் பகுதி உண்மையே. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமெனக் கொள்ளப்பட, தமிழ் மாணவரிடம் 250 புள்ளிகள் கேட்கப்பட்ட அநீதியை நாம் மறக்க இயலாது. அதன் பின் வந்த போர், பள்ளிகளைப் பாழாக்கியதோடு ஆசிரியரையும் அகதிகளாக்கிற்று.

எனினும், பிறர் செய்த தீங்கைப் பேசும் நாம், நம் கையாற் செய்யும் தீங்கையும் பேசுதல் வேண்டும். கணிதத்தில் ஒரு பிள்ளை சிறந்து விளங்கினால் வீட்டார் கூறுவது என்ன? “நீ எஞ்சினியராக வர வேணும்” என்பதே. எண்ணின் அழகிலே மனத்தைப் பறிகொடுத்த பிள்ளை, “நான் கணித ஆசிரியனாவேன்” என்று சொன்னால், அவ்வீட்டில் இழவு விழுந்தாற்போல் முகங்கள் வாடுகின்றன! கணிதத்தை நாம் உத்தியோகத்துக்கு ஏறும் ஏணியாக மட்டுமே கண்டோம். ஏறியவுடன் ஏணியை மறந்தோம். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆளில்லாத ஊரில் அடுத்த பிள்ளை எவ்வாறு ஏறுவான்?

வயலை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறுவடை எவ்வளவு பெரிதாயினும், அதிற் சிறந்த மணியை விதைக்கென ஒதுக்கிய பின்னரே மிகுதியை உண்பதும் விற்பதும் நம் வழக்கம். பஞ்சத்திலும் விதைநெல்லிற் கைவைக்க அஞ்சுவர். கல்வியிலோ நாம் விதைநெல் முழுவதையும் விற்றுத் தின்றுவிட்டு, வயல் ஏன் தரிசாயிற்று என்று வினவுகின்றோம். எஞ்சினியர்களும் வேண்டியவரே, ஆயின், அவர்களை விளைவிக்கும் ஆசிரியர் அவர்களினும் முன்னதாக வேண்டியவர் அல்லரோ?

கடல் கடந்து வாழும் நம்மவர் தத்தம் கல்லூரிகளுக்கு மண்டபமும் மதிலும் கட்டித் தருகின்றனர், நன்று. அதனினும் நன்று, கணிதம் கற்றுக் கிராமப் பாடசாலைக்குத் திரும்ப இசையும் பிள்ளைக்கு உதவிப்பணம் அளிப்பது. ஓய்வுபெற்ற பொறியியலாளரும் கணக்காளரும் வாரத்தில் இரு மாலை அயற்பாடசாலைக்குச் சென்று கற்பித்தால், அது எந்தச் சிலையினும் உயர்ந்த நினைவுச் சின்னமாகும். பெற்றோரே, ஆசிரியனாக விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்! டிராக்கின் மாணவருக்கே ஆசிரியத் தொழில் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை; நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?