குடிநீரின் கணக்கை மக்களுக்குக் காட்டுக!

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியிலே ஓடிக் கோடையிலே மறைந்துவிடுகின்றது. நமக்குள்ள நீரெல்லாம் மாரி மழை தரும் நீரே. அது செம்மண்ணின் வழியே இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கீழே நிற்கும் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். வலிகாமத்தின் இந்த நிலத்தடி நீர்ப்படுக்கைக்கு நிலவியலார் சுன்னாகத்தின் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

வீட்டு முற்றத்துக் கிணற்றிலே வாளியால் அள்ளினாலும் அந்த நீரே வருகின்றது. பொதுக் கிணற்றிலிருந்து இயந்திரத்தால் இறைத்துத் தாங்கியில் ஏற்றிக் குழாய்வழியே அனுப்பினாலும் அந்த நீரே வருகின்றது. தோட்டக்காரர் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதுவே. ஆயினும், குழாயைத் திறந்ததும் வருவது தூய நீர் என்ற நம்பிக்கை நம்மிடையே, சிறப்பாகப் படித்தவரிடையே, வேரூன்றியிருக்கின்றது. குழாயினுள்ளே ஓடியதால் மட்டும் நீர் தூய்மை பெற்றுவிடாது. சோதிக்கப்பட்ட நீரே நம்பத்தக்க நீர். அச்சோதனையின் முடிவும் குடிப்பவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இன்று நாம் வற்புறுத்த விரும்புவது இந்த ஒன்றையே.

சுன்னாகம் தந்த பாடம்

சுன்னாகம் மின்நிலையத்தின் அயலிலே வாழ்ந்த மக்கள் தங்கள் கிணறுகளிலே எண்ணெய் மிதப்பதைக் கண்டு முறையிட்ட கதையை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூலை வரை அப்பகுதியிலே 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவுக்கு மேல் இருந்தன. நூற்றுக்கு 73 கிணறுகள்! 2015 ஜனவரியிலே மக்கள் வீதிக்கு வந்தனர். அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிலையத்தை நிறுத்துமாறு மல்லாகம் நீதவான் நீதிமன்றம் கட்டளையிட்டது.

அதன் பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்குரியது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, தீங்கு தரும் எண்ணெய் மாசு இல்லையென்னும் பொருள்பட அறிக்கை தந்தது. ஒரு நிறுவனம் உண்டு என்றது. ஒரு குழு இல்லை என்றது. கிணற்றடியிலே நின்ற தாய் யாரை நம்புவது? பவுசரிலே வரும் தண்ணீருக்கு வாளியோடு காத்திருப்பதா, தன் கிணற்று நீரையே காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுப்பதா? இக்கேள்விக்கு எந்த அலுவலகமும் தெளிவான விடை கூறவில்லை.

விடை 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. மாசு நிகழ்ந்தது என்று நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியதியின்படி, அந்நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் ஒரு சிங்களச் சூழலியலாளர் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர்தல் வேண்டும். நிலத்தடி நீருக்கு இனமும் இல்லை, மொழியும் இல்லை.

தீர்ப்பு நல்ல தீர்ப்பே. ஆயினும் அது வந்த காலத்தை நோக்குங்கள். சபையின் சோதனை முடிந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. இழப்பீட்டுப் பணத்தைப் பங்கிடலாம். சுண்ணக்கல்லின் வெடிப்பினுள்ளே புகுந்த எண்ணெயைப் பணம் வெளியே எடுத்துவிடாது. வருமுன் காத்தலே நீர் விடயத்திலே காத்தலாகும்.

மறைத்த கணக்கும் மாண்ட உயிர்களும்

சுன்னாகத்து மக்கள் ஒரு வகையிலே பேறுபெற்றவர்கள் எனலாம். எண்ணெய்க்கு மணம் உண்டு. நீரின்மேல் அது படலமாய்த் தெரியும். மணமும் நிறமும் இல்லாத தீங்கு வந்தால் என் செய்வது? இதற்கு விடைகாண நம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தையே பார்க்கலாம்.

அங்கே வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். ஏறக்குறைய 5,000 மக்கள். கிணற்று நீரையே குழாய்வழிப் பெறுபவர்கள். 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே பெருமழை பெய்தது. அயலிலுள்ள பண்ணையின் மாட்டெரு மழையோடு நிலத்தினுள் இறங்கி, ஆழம் குறைந்த பொதுக் கிணறு ஒன்றைச் சேர்ந்தது. அந்நீரிலே போதிய குளோரின் இல்லை. ஆய்வுகூடம் மே 17ஆம் திகதியே நீர் மாசுற்றது என்று நீர்வழங்குவோருக்கு அறிவித்தது. அவர்களோ, வைத்தியத் துறையினர் கேட்டபோது நீர் நன்று என்றனர். காய்ச்சிக் குடியுங்கள் என்ற எச்சரிக்கை மே 21ஆம் திகதியே வெளிவந்தது, அதுவும் வைத்தியத் துறையினரின் முயற்சியால். 7 பேர் மாண்டனர். 2,300 பேர் வரையில் நோயுற்றனர்.

பின்னர் நடந்த விசாரணையிலே வெளிப்பட்டது யாது? பல ஆண்டுகளாகக் குளோரின் அளவைப் பதிவேட்டிலே பொய்யாக எழுதி வந்திருக்கின்றனர்! செல்வமும் கல்வியும் சட்டமும் நிறைந்த நாட்டிலே இது நிகழ்ந்தது. சோதனை நடந்தது, முடிவும் வந்தது, மக்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. அந்த நான்கு நாட்களின் விலை மனித உயிர்.

கிருமியிலும் மறைவானது

வாக்கர்ட்டன் மக்களைத் தாக்கிய கிருமியைக் குளோரின் கொல்லும், காய்ச்சுதலும் கொல்லும். நமது நிலத்திலே இவ்விரண்டுக்கும் அடங்காத பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் நைத்திரேற்று. குளோரின் அதை அகற்றாது. காய்ச்சினால் நீர் ஆவியாகி, எஞ்சிய நீரிலே அதன் செறிவு மிகும். மணமில்லை, நிறமில்லை, சுவையும் காட்டாது. காய்ச்சிய நீர்தானே என்று பால்மா கரைத்துப் பச்சிளங் குழந்தைக்கு ஊட்டும் தாய், தன்னை அறியாமலே தீங்கு செய்பவளாகின்றாள். அளவு மிகுந்தால் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். இது பற்றியே உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வகுத்திருக்கின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே அளவு மீறியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக் காட்டினர்.

இது எங்கிருந்து வருகின்றது? தோட்டத்திலே அளவின்றி இடும் யூரியாவிலிருந்து வருகின்றது. பட்டணத்திலே கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழியிலிருந்தும் வருகின்றது. பட்டணத்தார் தோட்டக்காரரைச் சுட்டுவதும், தோட்டக்காரர் பட்டணத்தாரைச் சுட்டுவதும் வீண்வேலை. இருவர் கழிவையும் ஒரே சுண்ணக்கல் ஏற்கின்றது. இருவர் வாளியையும் அதுவே நிரப்புகின்றது.

கமக்காரரைக் குற்றவாளியாக்குவது நமது நோக்கமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே கட்டளையால் தடுத்து, அவ்வாண்டு நவம்பரிலே அத்தடையைக் கைவிட்ட அரசாங்கத்தின் செயலால் கமக்காரர் பட்ட பாட்டை நாடு அறியும். தடை பரிகாரமன்று, அறிவே பரிகாரம். தன் கிணற்று நீரிலே நைத்திரேற்று ஏற்கெனவே எவ்வளவு உண்டு என்று அறிந்த கமக்காரர், அந்த நீரை இறைக்கும்போதே பயிருக்கு ஓரளவு உரமும் சேர்கின்றது என்பதை உணர்வார்; பசளையைக் குறைப்பார்; பணத்தையும் மிச்சம் பிடிப்பார். கணக்கைக் காட்டினால் இலாபம் முதலில் அவருக்கே.

செய்யவேண்டியவை

கடல்நீரை நன்னீராக்கும் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டிலே திறக்கப்பட்டுவிட்டதே, இனி நிலத்தடி நீர் பற்றிக் கவலை ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். தோட்டத்துக்குக் கடல்நீரைச் சுத்திகரித்து இறைக்க எவராலும் இயலாது. கிணற்றையே நம்பியிருக்கும் வீடுகளும் பல. எங்கிருந்து வந்த நீராயினும், வீட்டுக் குழாயை அடையும்வரை அதைக் காத்தலும் சோதித்தலும் வேண்டும். ஆதலால் கவலை நீங்கவில்லை.

நாம் கேட்பவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முதலாவது: நிலத்தடி நீரைக் குழாய்வழி வழங்கும் ஒவ்வோர் ஊரிலும் கிருமி, குளோரின், நைத்திரேற்று ஆகியவற்றின் சோதனை முடிவுகளை மாதந்தோறும் நல்ல தமிழிலே எழுதிப் பிரதேச சபை வாயிலிலும் சந்தையிலும் வாசிகசாலையிலும் ஒட்டுதல் வேண்டும். அருகிலே எல்லையளவும் குறிக்கப்படல் வேண்டும். சுன்னாகம் போன்ற இடங்களிலே எண்ணெயின் அளவும் அதில் அடங்கவேண்டும். இரண்டாவது: அளவு மீறிய முடிவை ஆய்வுகூடம் நீர்வழங்குவோருக்கு அனுப்பும் அதே நாளிலே சுகாதார வைத்திய அதிகாரிக்கும் அனுப்பவேண்டும். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதாக இருத்தல் ஆகாது. மூன்றாவது: தனியார் கிணற்று நீரையும் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்குப் பின் ஒருமுறையும் கடுங்கோடையில் ஒருமுறையும், இலவசமாகச் சோதித்துக் கொடுத்தல் வேண்டும்.

முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவர் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சுன்னாகத்திலே பீதி எவ்வாறு பிறந்தது? உண்மை வெளிவந்ததாலன்று, ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் வந்தமையாலே பிறந்தது. மாதந்தோறும் கணக்கைக் காணும் மக்கள் ஒரு மாதம் அது ஏறினால் காரணம் கேட்பர், வதந்திக்குச் செவிகொடார்.

அதிகாரிகளை மட்டும் குறைகூறி நாம் ஒதுங்கிவிடுதல் ஆகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையிலே உண்டு. எழுதத் தெரிந்த எவரும் தம் ஊர் நீரின் சோதனை முடிவை அச்சட்டப்படி கேட்டுப் பெறலாம். நம் ஊர்களிலே சட்டத்தரணிகள் இல்லையா? ஆசிரியர்களும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் இல்லையா? ஊருக்கு ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதினாற் போதும். அவர் பெற்ற தாளைக் கமக்காரர் சங்கத்திலே வாசித்து விளக்கினால், படித்த வகுப்பார் பாமரருக்குச் செய்யும் உதவியாக அது அமையும். உதவி என்று சொல்வதும் தவறு. அவரும் அந்த நீரையே குடிப்பவர்.

நம் முன்னோர் துலாவிலே ஏறி மிதித்து, வாளி வாளியாக இறைத்த நீர் இது. அவர்கள் காலத்திலே கிணற்றைக் கண்ணாற் பார்த்து நன்மை தீமை அறிந்தனர். இன்று கண் போதாது. சோதனையும் அதன் கணக்கும் வேண்டும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் மக்கள் பொது நீருக்கும் கணக்குக் கேட்கட்டும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதிலே பயன் இல்லை. உங்கள் ஊர்ப் பிரதேச சபையின் அறிவித்தற் பலகையை இவ்வாரமே சென்று பாருங்கள். அங்கே நீரின் கணக்கு இல்லையாயின், எங்கே என்று கேளுங்கள்!