தண்ணீரும் புகையானும்

பல துறைகளைத் தொட்டு ஆராய்பவர் என்றாலே நுனிப்புல் மேய்கிறவர் என்று நினைக்கும் பழக்கம் ஆய்வுலகில் இன்னும் போகவில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில், நெல் வயல்களைப் பற்றி நடந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது. அங்கே ‘சுபக்’ எனப்படும் பாசனக் குழுக்கள் நீர்க்கோயில்களில் கூடி, யார் எப்போது நடுவது என்று முடிவு செய்துவந்தன. 1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. முடிந்தபோதெல்லாம் புதிய ரகங்களை நடச் சொன்னார்கள் அதிகாரிகள். கோயில் முறை தளர்ந்தது; புகையான் என்ற பூச்சியும் துங்ரோ நோயும் பயிரை அழித்தன, தண்ணீர்ப் பங்கீடும் குலைந்தது.

சடங்குகளை ஆராயப் போன அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் சடங்கோடு நின்றுவிடவில்லை. ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரோடு சேர்ந்தார். அடுத்தடுத்த வயல்களெல்லாம் ஒரே சமயத்தில் அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு இரை இருக்காது. ஆனால் ஆறு நெடுக எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் பற்றாது. ஆளுக்கொரு காலத்தில் நட்டாலோ தண்ணீர் பற்றும், பூச்சி பெருகும். இந்த இழுபறியை ஊஸ், பெத்தானு ஆறுகளை ஒட்டிய 172 சுபக்குகளுக்கும் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். அதிக விளைச்சல் கண்ட பக்கத்துக் குழுவின் நடவு முறையை மற்றவை பின்பற்றலாம் என்று விட்டபோது, உண்மையான கோயில் வலையை ஒத்த ஒழுங்கு தானாகவே அமைந்தது. பூச்சியை மட்டும் படித்தவரோ பாசனத்தை மட்டும் படித்தவரோ இதைக் கண்டிருக்க முடியாது.

இதில் ஆழம் எங்கே குறைந்தது? கோயில்களை ஊன்றிக் கவனித்திராவிட்டால் கணினிக்கு என்ன கேள்வி கொடுப்பது என்றே லான்சிங்குக்குத் தெரிந்திருக்காது. தன் துறையில் ஆழ்ந்தவருக்குத்தான் அதன் எல்லை தெரியும். அந்த இடத்தில் அடுத்தவரை மாணவராக அணுகும் மனமே இத்தகைய அறிஞரின் முதல் தகுதி என்பேன். ஸ்டெஃபான் ஹெல்ம்ரைக் என்ற மானிடவியலாளர் எழுப்பிய ஆட்சேபம் நுனிப்புல் என்ற குற்றச்சாட்டைவிடக் கனமானது: காலனி ஆட்சியும் அரசியலும் அந்த வயல்களில் செய்த மாற்றங்கள் அந்தக் கணக்கில் இல்லை என்றார் அவர். நியாயமான குறைதான். கணினி மாதிரி என்பது ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு ஆகாது. ஆனால் அந்தக் குறையை நிரப்ப வரலாற்றாசிரியரையும் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டுமே தவிர, பழையபடி தனித்தனித் துறைகளுக்குள் போய் அடைபடக் கூடாது. ஆய்வு நெறியாளர்களே, மாணவரின் துறை என்ன என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் துறைக்குத் தெரியாததை யாரிடம் போய்க் கற்றார் என்றும் கேளுங்கள்.