கப்பலின் பந்தியும் கர்த்தருடைய பந்தியும்



நமது சபையில் இரண்டு மாதங்களாக ஒரு வாதம் நடந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைக் காணச் சென்ற மூத்தவர் ஒருவர், சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘குயின் மேரி 2’ கப்பலில் பயணம் செய்து திரும்பினார். அங்கே மாலை உணவுக்கு இன்ன உடை என்று விதி இருக்கிறது. அதை எல்லாரும் மனமுவந்து கைக்கொள்ளுகிறார்கள். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி என்று பலரிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே இவ்வளவு ஒழுங்கு என்றால், கர்த்தருடைய பந்திக்குக் கசங்கிய சட்டையும் ரப்பர் செருப்புமாக வரலாமா என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி வளர்ந்து, ஆலய வாசலில் உடை விதிகளை எழுதி மாட்ட வேண்டும் என்ற விண்ணப்பமாக நிர்வாகக் குழுவின் முன் வந்திருக்கிறது. கூடவே இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. ஆண்டு விழா விருந்தில் அதிக நன்கொடை தருகிறவர்களுக்கு மண்டபத்தின் மேல்தளத்தில் தனிப் பந்தி போடலாம் என்கிறார்கள்.

இவை இரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரே கப்பலில் வந்திறங்கிய இரண்டு பெட்டிகள் இவை என்றே நான் எண்ணுகிறேன். இரண்டையும் எதிர்க்கிறேன். அதற்கான காரணங்களைக் குழு கூடுமுன் உங்கள் எல்லாருக்கும் சொல்லுவது என் கடமை.

முதலில் கப்பலுக்கு நியாயம் செய்வோம். 2004-ல் சேவைக்கு வந்த அந்தக் கப்பல், பழைய அட்லாண்டிக் பயணத்தின் மரபை விடாமல் காத்துவருகிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகு உடைக்கு ஒரு தரம் கேட்கிறார்கள். ‘காலா’ என்னும் சிறப்பு இரவுகளில் ஆண்கள் கறுப்பு விருந்துக் கோட்டோ இருண்ட நிறச் சூட்டும் டையுமோ அணிய வேண்டும். பெண்களுக்கு மாலை நேர அலங்கார உடை. கறுப்பு வெள்ளை இரவு, முகமூடி இரவு என்று சில இரவுகளுக்குப் பெயரும் உண்டு. விருப்பமில்லாதவரை யாரும் கடலில் தள்ளிவிடுவதில்லை. கிங்ஸ் கோர்ட் என்னும் சுயசேவைக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வயிறார உண்ணலாம். இதில் பாவம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. பணம் கொடுத்தவர்கள் ஒரு பழங்கால மாலைப்பொழுதை வாங்குகிறார்கள். கப்பல் நிறுவனம் அதை விற்கிறது. அந்தக் காட்சி கலையாதிருக்க எல்லாரும் வேடம் பூணுகிறார்கள்.

ஆனால் இதைப் பயபக்தி என்று அழைக்காதிருங்கள். அந்தக் கோட்டைக் கழற்றாமலே இரவு உணவுக்குப்பின் அதே கப்பலின் சூதாட்டக் கூடத்துக்குள்ளும் நுழையலாம். யாருக்கு முன்பாக நிற்கிறோம் என்பது அந்த உடைக்குத் தெரியாது.

அந்த மூத்தவர் ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அல்லது அவர் கண்ணில் அது படவில்லை. அந்தக் கப்பலில் நீங்கள் எங்கே உண்பது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் கோட்டு அன்று, உங்கள் அறையின் விலை. சாதாரண அறை எடுத்தவர்களுக்குப் பிரிட்டானியா என்னும் பெருங்கூடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடியது. சற்று அதிகம் கொடுத்தவர்களுக்குப் பிரிட்டானியா கிளப். அதற்கும் மேல் பிரின்சஸ் கிரில். எல்லாவற்றுக்கும் மேலே, மிகுந்த விலையுள்ள அறைகளில் தங்குகிறவர்களுக்குக் குவீன்ஸ் கிரில். அங்கே பட்டியலில் இல்லாத பதார்த்தத்தையும் கேட்டுப் பெறலாம். பிரிட்டானியாவில் உண்கிறவர் லண்டனின் மிகச் சிறந்த தையற்காரரிடம் கோட்டுத் தைத்து அணிந்து வந்தாலும் குவீன்ஸ் கிரிலின் மேசையில் அவருக்கு இடமில்லை. உடை விதி எல்லாருக்கும் ஒன்று. மேசை எல்லாருக்கும் ஒன்று அன்று.

புதிய கப்பல்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நார்வீஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. குறித்த நேரமில்லை, குறித்த மேசையில்லை, கோட்டுக் கட்டாயமில்லை. விரும்பிய வேளையில் விரும்பிய உணவகம். மக்கள் மகிழ்ந்தார்கள். அதே நிறுவனத்தின் கப்பல்களில் பின்னர் ‘ஹேவன்’ வந்தது. கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பல் போல, சாவி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவு, உள்ளே தனி உணவகம். எம்.எஸ்.சி. நிறுவனத்திலோ ‘யாட் கிளப்’. மற்றவர்களுக்கும் மேல்கட்டணம் செலுத்தினால் தனி உணவகங்கள் உண்டு. கோட்டுப் போயிற்று, கதவு போகவில்லை, பெருகியிருக்கிறது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் எனக்கு ஒரு நன்மை தெரிகிறது. முன்பின் அறியாத ஆறு பேரோ எட்டுப் பேரோ ஒரே மேசையில், ஒரே நேரத்தில், பயணம் முடியும்வரை கூடி உண்பார்கள், பரிமாறுகிறவரும் ஒருவரே. பிந்தி வருகிறவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிடிக்காதவரோடும் பேசியாக வேண்டும். கொரிந்து சபையார் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்று பவுல் கட்டளையிட்டதன் ஒரு சிறு நிழல் அங்கே இருந்தது. கப்பலைப் பார்த்து நாம் எதையாவது கற்றே ஆக வேண்டுமானால் இதைக் கற்கலாம். இதையோ யாரும் நிர்வாகக் குழுவுக்கு எழுதவில்லை.

இந்தப் பந்திகளைப் பரிமாறுகிறவர்கள் எங்கே உண்ணுகிறார்கள்? அவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்; இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாடுகளின் பிள்ளைகள் மாதக்கணக்காக வீடு காணாமல் அந்தத் தளங்களில் உழைக்கிறார்கள். பயணிகள் காணாத தளத்தில் அவர்களுக்கு உணவுக்கூடம் உண்டு. பெரிய கப்பல்களில் அதுவும் அதிகாரிகளுக்கு வேறு, பணியாளருக்கு வேறு என்று பிரிந்திருக்கும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ல் உருவாகி 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓய்வு நேரத்தைக் கணக்கிடும்போது, ஒரு மாலுமிக்கு ஏழு நாட்களில் 77 மணி நேர ஓய்வு குறையாமல் கிடைக்க வேண்டும். இது பாதுகாப்புக்காக வந்த விதி. ஆனாலும் மீதியைக் கூட்டிப் பாருங்கள்: வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. கண்கொள்ளாக் காட்சி என்று நாம் வியக்கும் அந்த வெள்ளை மேசைவிரிப்பை விரித்த கை அந்த 91 மணி நேரத்துக்குள் இருக்கலாம்.

பழைய கப்பல்களில் கர்த்தருடைய நாளும் வகுப்பின்படியே பிரிந்தது. 1912 ஏப்ரல் 14 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘டைட்டானிக்’ கப்பலின் முதல் வகுப்பு உணவுக்கூடத்தில் கப்பல் தலைவர் ஸ்மித் ஆராதனை நடத்தினார். தாமஸ் பைல்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு இரண்டாம் வகுப்பாருக்கும் மூன்றாம் வகுப்பாருக்கும் தனித்தனியே திருப்பலி நிறைவேற்றினார். மாலையில் எர்னஸ்ட் கார்ட்டர் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் இரண்டாம் வகுப்பு உணவுக்கூடத்தில் மக்களைக் கூட்டிப் பாமாலைகளைப் பாடவைத்தார். அந்த ஊழியர்களை நான் குறைகூறவில்லை. குருவானவர்கள் இருவரும் அந்த இரவில் மரித்தார்கள். ஆனால் ஒரே ஆண்டவரைத் துதிக்கச் சீட்டின் விலைப்படி வேறு வேறு அறைகள் வேண்டியிருந்தன. முதல் வகுப்பில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் பிழைத்தவர் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்.

இனி வேதத்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தைத் திருவிருந்து ஞாயிறுதோறும் வாசிக்கிறோம்; பவுல் எதற்காகக் கோபங்கொண்டார் என்பதைக் கேளாமலே வாசித்துவிடுகிறோம். ரோமருடைய வீட்டில் விருந்தறை சிறியது. மூன்று சாய்விருக்கைகளில் ஒன்பது பேர் சாய்ந்திருக்கலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். கெர்ட் தைசன் போன்ற வேத அறிஞர்கள் 1970-களிலிருந்து விளக்கிவருவதுபோல, செல்வமுள்ளவர்கள் முன்னதாகவே கூடித் தங்கள் தரத்துக்கேற்ற உணவை உண்டார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளுக்குப் பசியும் வெட்கமுமே மிஞ்சின. அக்காலத்து நாகரிகத்தில் இதில் விசேஷமான அநியாயம் எதையும் பலர் காணவில்லை. ஆனால் ஒருவர் கண்டார். கிறிஸ்தவர்களைப் பிற்காலத்தில் விசாரித்துத் தண்டித்த அதே பிளினி, தாம் சென்ற ஒரு விருந்தைப் பற்றி நண்பர் அவித்தூசுக்கு எழுதினார். அங்கே திராட்சரசம் மூன்று தரமாக வைக்கப்பட்டிருந்தது: விருந்தளித்தவருக்கும் முக்கிய விருந்தினருக்கும் ஒன்று, சிறிய நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. தம் வீட்டிலோ எல்லாருக்கும் ஒன்றே, விடுதலை பெற்றவர்கள் குடிப்பதைத் தாமும் குடிப்பதாக அவர் சொல்லுகிறார். சிலுவையை அறியாத ரோம அதிகாரிக்கு வெட்கமாகத் தோன்றியது நமக்கு நன்கொடைத் திட்டமாகத் தோன்றுகிறதா?

உடை விதியை ஆதரிக்கிறவர்கள் மத்தேயு 22-ஐக் காட்டுகிறார்கள். கலியாண வஸ்திரமில்லாமல் வந்தவன் வெளியே தள்ளப்பட்டானே என்கிறார்கள். அந்த உவமையை நிதானமாக வாசியுங்கள். விருந்துக்கு வந்தவர்கள் வழிச்சந்திகளில் கண்டபடியே கூட்டிச் சேர்க்கப்பட்டவர்கள், நல்லவரும் பொல்லாதவரும். வீட்டுக்குப் போய் உடை மாற்ற அவர்களுக்கு அவகாசம் ஏது? துணிக்கடைக்குச் செல்லப் பணம் ஏது? அந்த வஸ்திரம் அன்பு என்று அகுஸ்தீன் விளக்கினார். அதை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை என்று சுருக்கிவிட நமக்கு உரிமையில்லை. 1 தீமோத்தேயு 2-ஐயும் சிலர் காட்டக்கூடும். அங்கே அப்போஸ்தலன் பெயர் சொல்லிக் கண்டிப்பது பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த வஸ்திரத்தையும். அந்த வசனத்தை வாசலில் மாட்டினால் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். யாக்கோபு 2-இல் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் அழுக்கு வஸ்திரக்காரனுக்குக் காலடியும் காட்டியவர்கள் புறஜாதியார் அல்ல, சபையார்.

குமரி மண்ணிலே பிறந்த நமக்கு உடை விதி என்றால் என்ன என்பதை எவரும் கப்பலிலிருந்து வந்து கற்பிக்கத் தேவையில்லை. தென்திருவிதாங்கூரில் நம் பாட்டிமாரின் பாட்டிமார் தோள்சீலை அணிந்ததற்காக அடிபட்டார்கள்; சந்தையிலே அவர்களுடைய மேலாடை கிழிக்கப்பட்டது. 1859-ல் மன்னர் வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனாலும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். மானத்தைக் காக்க விதி செய்தவர்கள் தகுதியின் வேலியைத்தான் காத்தார்கள். பந்தியிலும் நமக்கு இப்படிப்பட்ட சரித்திரம் உண்டு. சபைகளில் சாதி வேற்றுமையை விட்டொழிக்கும்படி பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை அனுப்பியபோது, ஒரே இடத்தில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதா என்று வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் அன்று பேசியதும் ஒழுங்கையும் மரபையும் பற்றித்தான்.

நம்முடைய ஆலயத்துக்கு அதிகாலை ஆராதனைக்கு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் மீனை விற்றுவிட்டுக் கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு வரும் தாய் இருக்கிறாள். இரவுக் காவல் முடித்துச் சீருடையோடே வரும் சகோதரர் இருக்கிறார். அவர்கள் வாசலில் நின்று பலகையை வாசிக்க வேண்டுமா? தன் சக்திக்கேற்ப நல்ல ஆடை உடுத்திக் கர்த்தருடைய சந்நிதிக்கு வருவது அழகு. அதை நான் தடுப்பேனோ? ஓர் இளைஞன் அடக்கமற்று உடுத்தினால் அவன் தகப்பனோ நானோ தனியே அழைத்துப் பேசலாம். அதற்குப் பலகை வேண்டாம்.

நன்கொடை குறையும் என்ற கவலையும் என் காதுக்கு வந்தது. குறையட்டும். கறியின் அளவைக் குறைத்துக்கொள்வோம். பருப்பும் அப்பளமும் போதும்.

வரும் சனிக்கிழமை மாலை குழு கூடும்போது இதையே சொல்லுவேன். விருந்துச் சீட்டு ஒரே நிறத்தில் அச்சாக வேண்டும். மேல்தளம் பூட்டியிருக்க வேண்டும். மாடிப்படி ஏற முடியாத முதியவர்கள் நம்மில் அநேகர். சமைத்தவர்களும் ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிறவர்களும் காவலாளியும் முதல் பந்தியில் அமர வேண்டும். அவர்களுக்குப் பரிமாறப் பன்னிரண்டு பேர் தேவை. அதிக நன்கொடை தந்தவர்கள் முதலாவது பெயர் கொடுக்கலாம். சோற்று வாளி கனமானது; ஆகையால் மாற்றுக்கு நால்வரும் வேண்டும்.