அண்டை வீட்டு அப்பம்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் நம் குடும்பங்களில், அன்றிரவுக்கென்று தனியாக ஏதும் செய்வதில்லை. உள்ளதை உண்டு, முறை வரும்போது ஆராதனைக்குச் செல்கிறோம். மலைகளுக்கு அப்பால் கேரளத்தில் வாழும் தோமையார் வழிக் கிறிஸ்தவ இல்லங்களில் நிலை வேறு. ஆலயத்தில் தொடங்கிய அத்திருநாள் அங்கே அடுக்களை வழியாக வந்து, வீட்டு மேசையில் நிறைவுறுகிறது.

அதனை அவர்கள் 'பெசகா' என்பர். நாம் வழங்கும் 'பாஸ்கா' என்ற சொல்லும் அதுவும் ஒரே எபிரேயச் சொல்லின் பிள்ளைகள். நமக்கு அது கிரேக்க, இலத்தீன் மொழிகளின் வழியாக வந்தது. அவர்களுக்குச் சிரிய மொழியின் வழியாக வந்தது.

அப்பம் செய்யும் முறையை நம் தாய்மார் அறிந்துகொள்ளட்டும். பச்சரிசியும் சிறிது உளுந்தும் ஊறவைத்து அரைத்து, தேங்காய், சீரகம், சிறிய வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் அரைத்துச் சேர்ப்பர். நம் இட்லி மாவுக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் இட்லி மாவு இரவெல்லாம் காத்திருந்து புளிக்கும். இந்த மாவைக் காத்திருக்க விடுவதில்லை. கள்ளோ ஈஸ்ட்டோ சேர்ப்பதும் இல்லை. எகிப்தினின்று புறப்பட்ட மக்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரம் கிடைக்கவில்லை என்று யாத்திராகமம் கூறுவதை, ஆண்டுதோறும் இந்த அடுக்களைகள் நினைவுகூர்கின்றன. மாவைத் தட்டில் ஊற்றி, குருத்து ஞாயிறன்று ஆலயத்தில் மந்திரித்துத் தந்த ஓலையைக் கிழித்துச் சிலுவையாக அதன்மேல் வைத்து, ஆவியில் வேகவைப்பர். அடுமனை அடுப்பு எதுவும் வேண்டியதில்லை. தொட்டு உண்பதற்குத் தேங்காய்ப் பாலில் வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலமும் இட்டுக் காய்ச்சிய 'பால்' உண்டு.

இரவில் விளக்கேற்றி, செபம் சொல்லி, மறைநூற் பகுதி ஒன்றை வாசிப்பர். பின்பு குடும்பத் தலைவர் அப்பத்தை முறித்து, மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். இரு கைகளையும் நீட்டியே அதனைப் பெறுவர். அது நற்கருணை அன்று என்பதை அவ்வீட்டுச் சிறுவனும் அறிவான். ஆயினும் ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தாதபடி பார்த்துக்கொள்வான்.

இவ்வழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. வேகும்போது அப்பம் வெடித்துவிட்டால், அவ்வாண்டு குடும்பத்துக்குக் கேடு வரும் என்று அஞ்சுவோர் இருக்கின்றனர். மாவில் நீர் குறைந்தாலோ தீ மிகுந்தாலோ அப்பம் வெடிக்கும். அதற்காக ஒரு மருமகள் ஆண்டு முழுவதும் மாமியாரின் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டுமா? பாஸ்காவைக் கொண்டாடும் வீட்டில் இந்த அச்சத்துக்கு இடம் தரலாகாது.

மற்றொரு வழக்கத்தையும் நாம் ஒருகாலத்தில் இந்த வகையிலேயே சேர்த்து எண்ணினோம். ஓராண்டுக்குள் சாவு நேர்ந்த வீட்டில் பெசகா அப்பம் செய்வதில்லை. ஆண்டவரின் விருந்து யாருக்காவது தேவை என்றால், துயருற்றோருக்கு அல்லவா முதலில் தேவை? அவர்கள் அடுப்பை அணைத்து வைப்பது எந்த நியாயம்? குருமடத்தில் கற்றதை மறக்காத இளமை. நமக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், இரப்பர் தோட்டங்களுக்கிடையே ஒரு பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்தோம். சீரோ மலபார் மக்களுக்கெனத் தக்கலை மறைமாவட்டம் 1996-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முந்திய காலம் அது. கேரளத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் நம் ஆலயத்துக்கே வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு தை மாதத்தில் குடும்பத் தலைவர் காலமானார். தவக்காலத்தில் அவ்வீட்டுக்குச் சென்ற நாம், "இவ்வாண்டும் அப்பம் செய்யுங்கள், அம்மா. செய்யாதிருப்பது மூடப் பழக்கம்" என்று அறிவுரை கூறினோம். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. "சரி, அச்சா" என்றார், அவ்வளவே.

பெரிய வியாழன் இரவு, அறிவுரை பலித்ததா என்று காணவே அங்கே சென்றோம் என்பதை மறைப்பானேன்? அடுப்பு குளிர்ந்திருந்தது. பிள்ளைகள் மூவரும் திண்ணையில் அமர்ந்திருந்தனர். கடிந்துகொள்ள வாயெடுக்குமுன், தோட்டத்துப் பாதையில் டார்ச் விளக்கொளி தெரிந்தது. வாழையிலையால் மூடிய தட்டோடும் தூக்குப் பாத்திரத்தோடும் அண்டை வீட்டார் குடும்பமாக வந்தனர். அவர்களைத் தொடர்ந்து, நெடுந்தொலைவு நடந்து இன்னொரு வீட்டாரும் வந்து சேர்ந்தனர். ஐந்து பேர் இருக்க வேண்டிய மேசையைச் சுற்றி அன்று பதினான்கு பேர் நின்றோம்.

அவ்வீட்டார் அப்பம் செய்திருந்தால் அவர்கள் எவரும் வந்திருக்கத் தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வெறுமையான ஒரு நாற்காலியைப் பார்த்தபடி நால்வர் உண்டிருப்பர். செய்யாதே என்னும் கட்டளை துயருற்ற வீட்டுக்கு இடப்பட்டது என்று நாம் எண்ணியிருந்தோம். கொண்டு செல் என்று அண்டை வீட்டாருக்கு இடப்பட்ட கட்டளை அது. ஓர் ஆட்டை உண்ணப் போதாத சிறு குடும்பம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து உண்ணட்டும் என்று யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதனை எத்தனையோ முறை பீடத்தில் வாசித்திருந்தோம்.

இன்று கேரளத்தின் நகரங்களில் பெசகா அப்பம் கடையிலும் கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண்கள் வாங்கட்டும். நாம் குறை கூறோம். கூட ஒன்று வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டு செல்வதையும் கடை தடுக்கவில்லை.

அன்றிரவு செபம் முடிந்ததும் அந்த அம்மா கத்தியை நம்மிடம் நீட்டினார். குருவானவர் இருக்கையில் வேறு யார் முறிப்பது? நாமும் கை நீட்டினோம். அண்டை வீட்டுப் பெரியவர் மெல்லக் குறுக்கிட்டு, "அச்சன் ஆசீர்வதிக்கட்டும். முறிக்க வேண்டியவன் மூத்தவன்" என்றார். பதினைந்து வயதுப் பையன். அதுவரை தந்தையின் கையிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தவன். ஓலைச் சிலுவையை எடுத்துத் தனியே வைத்தான். முதல் துண்டு கோணலாக வந்தது. அதனைத் தன் பாட்டிக்குக் கொடுத்தான். இரண்டாவதைத் தாய்க்குக் கொடுத்தான். எமக்குரியது எட்டாவதாக வந்தது. இரு கைகளையும் நீட்டிப் பெற்றுக்கொண்டோம்.