ஓடாத காரும் ஓடாத தேரும்

"ஓடாத காருக்கு இத்தனை உழைப்பா?" அண்மையில் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் எழுப்பிய வினா இது. திருவரங்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு இலக்கிய மாணவர் செய்திருந்த சிறிய அம்பாசடர் காரே அந்த ஏளனத்தின் இலக்கு. தமிழ்த்துறை மேசையில் பொம்மைக்கு இடமில்லை என்று அதை அகற்றியும் விட்டார்கள். அருகிலிருந்தும் நாம் வாய் திறக்கவில்லை. அம்மௌனத்துக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறோம்.

மாணவரின் தந்தை அம்பாசடர் வாடகைக் கார் ஓட்டியவர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014இல் நின்றது. அவர் வண்டியும் பின்னர் பழைய இரும்புக்குப் போயிற்று. அதைத்தான் மகன் 24இல் ஒரு பங்காக மீட்டிருக்கிறார். ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம் 18 செ.மீ. ஆகிறது. இங்கே 1 மி.மீ. பிசகினால் உண்மை வண்டியில் 24 மி.மீ. பிசகியதாகப் பொருள். பிளாஸ்டிக் தகட்டை அறுத்து ஒட்டி, இணைப்புகளில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றியிருக்கிறார். கதவிடுக்குகளில் நீர்த்த கறுப்பு வண்ணத்தை ஓடவிட்டுத் துடைத்திருக்கிறார். அப்போதுதான் கதவு கதவாகத் தோன்றும். ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்த கியர்க் கம்பியைக்கூட அவர் மறக்கவில்லை.

இது பொம்மை என்றே கொள்வோம். குறுந்தொகையின் 61ஆம் பாடலைப் பேராசிரியர் எத்தனை முறை நடத்தியிருப்பார்! தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரை அங்கே காட்டுகிறார் தும்பிசேர்கீரனார். தலைவனைக் கூடி இன்புறாவிடினும் அவன் நட்பை வளர்த்து இன்புறுவதற்கு அது உவமை. ஏறமுடியாத தேரால் என்ன பயன் என்று அத்தோழியிடமும் கேட்பாரா? ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிறுதேர்ப் பருவத்தை நீக்கிவிடுவாரா? உருவின் சிறுமை கண்டு இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியைத்தானே சான்றாக்கினார்? அதுவும் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில்!

தமிழ் மாணவருக்கு நூலறிவு போதாதா என்பர் சிலர். நூலே முதன்மை என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆயின், ஆண்டுதோறும் திருவரங்கத்துச் சித்திரைத் தேரின் வடம் பிடிக்கும் நம்மில் எத்தனை பேர் அதன் அச்சையும் கடையாணியையும் இருக்குமிடம் பிசகாமல் வரைந்து காட்டுவோம்? பார்த்தும் காணாதவர்கள் நாம். அம்மாணவர் கண்டவர். அளவெடுத்துச் சிறிதாக்குபவன் ஒன்றையும் மேலோட்டமாகப் பார்த்துச் செல்ல முடியாது. பாட்டை அசை பிரித்து அலகிட்டுப் பார்க்கப் பழக்கும் நாம், அதே பயிற்சி பிளாஸ்டிக்கில் நிகழும்போது நகைப்பது என்ன நியாயம்?

அடுத்த கண்காட்சியில் அந்தக் காரை மீண்டும் வைப்போம். அதன் அருகே குறுந்தொகையையும் 61ஆம் பாடலுள்ள பக்கத்தில் விரித்து வைப்போம். அகற்ற விரும்புவோர் இரண்டையும் சேர்த்தே அகற்றட்டும்.