சுவர் கழுவ எவ்வளவு கொடுக்கலாம்?

மழை முடிந்து அக்டோபர் பிறந்துவிட்டால் மும்பை, நவி மும்பை, தாணே பக்கத்து சொசைட்டிகளில் எல்லாம் ஒரே பேச்சுதான். நாலு மாத மழையில் சுவர் முழுக்கக் கருப்பு, சன்ஷேடு மேலெல்லாம் பாசி. "பெயிண்ட் அடிக்க இப்போ பணம் இல்லை, பிரஷர் வாஷாவது பண்ணிடலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார். மூன்று கொட்டேஷன் வரும். மேனேஜிங் கமிட்டி கூடும். டீ, சமோசா. பத்தாவது நிமிஷத்தில் "யார் கம்மி? அவனுக்கே குடுத்துடுங்க" என்று சுபம் போட்டுவிடுவார்கள்.

இந்த "யார் கம்மி" என்ற கேள்வியே தப்பு என்பது என் கட்சி. "இந்த வேலைக்கு என்ன ஆகும்" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துகொண்டுதான் கொட்டேஷன் கவரையே பிரிக்க வேண்டும்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நம்ம ஆட்கள் எந்த ஊர் சொசைட்டிக்குக் குடி போனாலும் இரண்டு வருஷத்துக்குள் பிடித்து டிரெஷரர் ஆக்கிவிடுகிறார்கள். மதராசி என்றால் கணக்கில் புலியாம். (ஹிந்தியில் சண்டை போடத் தெரியாது என்ற நிம்மதியும் ஒரு காரணமாக இருக்கலாம்!) ஆக, படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்தக் கணக்கு உதவும்.

முதலில் சதுர அடி விவகாரம். ஒருவர் சதுர அடிக்கு 3.50 என்கிறார், இன்னொருவர் 4 ரூபாய் என்கிறார். யார் கம்மி? அவசரப்பட வேண்டாம். கட்டிடத்தின் சுற்றளவு 300 அடி, உயரம் 80 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24,000 சதுர அடி. முதல் ஆள் ஜன்னல், பால்கனி எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறார், 84,000 ரூபாய். இரண்டாவது ஆள் ஜன்னல், பால்கனி இடைவெளி என்று 6,000 சதுர அடியைக் கழித்துவிட்டு மிச்சம் 18,000 சதுர அடிக்குத்தான் போடுகிறார், 72,000 ரூபாய். 4 ரூபாய்க்காரர்தான் மலிவு! அதனால் டேப்பைப் பிடித்து நாமே அளந்து, எப்படி அளந்தோம் என்பதையும் எழுதிக் கொடுத்து, அதே அளவுக்கு எல்லாரிடமும் விலை கேட்க வேண்டும். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். ஒருவர் 18 சதவீதம் சேர்த்துச் சொல்வார், 20 லட்சத்துக்குக் கீழே வரவு உள்ள சின்ன ஆள் பதிவே பண்ணியிருக்க மாட்டார். வரிக்கு முந்தைய தொகையை முதலில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரியை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது அந்த 24,000 சதுர அடிக்கே கணக்குப் போடுவோம். தரையோடு சேர்த்து ஏழெட்டு மாடி, 56 வீடு. நான் போடும் கூலியெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முறைதான் முக்கியம்.

கயிற்றில் தொங்கி வேலை செய்ய இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,400. கீழே மிஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவர், மொட்டை மாடியில் கயிறு கட்டிய இடத்தைக் காவல் பார்க்க ஒருவர், ஆளுக்கு 800. ஆக ஒரு நாளைக்கு 4,400. கயிற்றில் இருப்பவர் ஒரு நாளைக்கு 1,200 சதுர அடி முடிப்பார் என்றால் இரண்டு பேருக்கும் 10 நாள் வேலை. கூலி மட்டும் 44,000.

மிஷின் தேய்மானம், வண்டி வாடகை, டீசல் 8,000. பாசியைக் கொல்லும் பிளீச்சிங் கரைசல், சோப்பு 5,000. கயிறு, இடுப்பு பெல்ட், கொக்கி எல்லாம் அடிக்கடி மாற்ற வேண்டியவை, அதற்கு 4,000. இன்ஷூரன்ஸில் இந்த வேலைக்கான பங்கு 3,000. இதுவரை 64,000.

கான்ட்ராக்டர் அளக்க வருவது, போன், விட்ட இடத்தைத் திரும்பக் கழுவுவது என்று 10 சதவீதம், 6,400. ஆச்சு 70,400. அதன் மேல் 15 சதவீதம் லாபம் என்றால் 10,560. மொத்தம் 80,960. சதுர அடிக்கு 3 ரூபாய் 37 காசு.

தண்ணீர் பெரும்பாலும் சொசைட்டி செலவு என்பதால் இதில் சேர்க்கவில்லை. அதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 8 லிட்டர் அடிக்கும் மிஷின் ஒரு நாளில் 5 மணி நேரம் ஓடினால் 2,400 லிட்டர். இரண்டு மிஷின், 10 நாள் என்றால் 48,000 லிட்டர். 10,000 லிட்டர் டேங்கரில் ஐந்து. ஏப்ரல், மே மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் டேங்கர்காரருக்குத்தான் கொண்டாட்டம்.

இப்போது கவரைப் பிரியுங்கள். 60,000, 85,000, 1,20,000 என்று மூன்று விலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1,20,000 கேட்டவரிடம் "ஏன்?" என்று கேட்கலாம். இரும்புச் சாரம் கட்டுகிறேன், விரிசலை அடைத்துத் தருகிறேன் என்று காரணம் இருந்தால் அது வேற வேலை, வேற விலை. காரணம் இல்லை என்றால் நம் கணக்கைக் காட்டிப் பேரம் பேசலாம், தப்பே இல்லை. அதிக விலை சொன்னவர் எல்லாம் நல்ல வேலைக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை.

60,000 கேட்டவரிடமும் அதே "ஏன்?" கேட்க வேண்டும். இதைத்தான் எந்த கமிட்டியும் கேட்பதில்லை. நேரடிச் செலவே 64,000 ஆகிற வேலையை 60,000க்கு எப்படி முடிப்பார்? எங்கேயோ வெட்டித்தான் முடிப்பார். எங்கே வெட்டுவார் என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, இரண்டாவது கயிறு. உட்கார்ந்து வேலை செய்யும் பலகை ஒரு கயிற்றில் தொங்கும். அது அறுந்தாலும் ஆளைப் பிடித்து நிறுத்த, இன்னொரு இடத்தில் தனியாகக் கட்டிய இன்னொரு கயிறு வேண்டும். விலை குறையும்போது முதலில் காணாமல் போவது அதுதான். இரண்டு, மொட்டை மாடியில் காவலுக்கு இருக்கும் ஆள். மூன்று, மருந்து. பாசியைக் கொன்று, ஊற விட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசினால் போதும். அதற்கு நேரம் ஆகும் என்று அழுத்தத்தைக் கூட்டி அடிப்பார்கள். பெயிண்ட் உரியும், விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும், வேர் சாகாத பாசி திரும்ப வரும். இன்னும் சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். அது மார்பிளைத் தின்னும், கம்பியை அரிக்கும். பிளீச்சிங்கோடு கலந்தால் குளோரின் வாயு, ஆளுக்கே ஆபத்து. நாலு, கூலி.

ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும் என்பார்கள். நாம் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணத்தை, அடுத்த மழையில் வீடு அசையாமல் சாப்பிட்டுவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒற்றைக் கயிற்றை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

"கொட்டேஷன் கொடுத்தது அவன்தானே, நாம என்ன கட்டாயப்படுத்தினோமா?" என்று கேட்பார்கள். நான் வங்கியில் இருப்பதால் இந்த மாதிரிச் சின்ன கான்ட்ராக்டர்களின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரவுப் பக்கம் காலியாக இருக்கும். மழையில் யார் கயிற்றில் தொங்குவது? மிஷின் லோனுக்கு இ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். எட்டு மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டிய தொழில். அக்டோபரில் முதல் வேலை எப்படியாவது கிடைத்தால் போதும் என்று சொல்லும் தொகை அவரது தவிப்பைக் காட்டும். அதை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"சரி, 81,000 கொடுத்தா மட்டும் அது தொழிலாளிக்கா போகப் போகுது? கான்ட்ராக்டர் பாக்கெட்டுக்குத்தானே?" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. அதனால்தான் விலையோடு நிபந்தனையும் எழுத வேண்டும். எத்தனை ஆள், ஆளுக்கு இரண்டு கயிறு, கூலி வங்கிக் கணக்கில், தினமும் காலையில் கமிட்டி ஆள் ஒருவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் வேலை ஆரம்பம். 60,000 கொடுத்துவிட்டு இந்த நிபந்தனைகளை எழுதினால் அது வெறும் காகிதம், இரண்டு தரப்புக்கும் தெரிந்த பொய். விலையும் நிபந்தனையும் சேர்ந்து போனால்தான் பலன்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு உபரித் தகவல். பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2015ல் வந்தது. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய் (2022 வரை 12 ரூபாயாக இருந்தது). விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். நம் சொசைட்டியில் கயிறு ஏறும் ஒவ்வொருவரும் இதில் இருக்கிறாரா என்று கேட்கலாம், இல்லை என்றால் சேர வழி சொல்லலாம். ஆனால் 2 லட்சம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள்? அதனால் கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்கு எடுத்த பாலிசியின் நகலையும் வாங்க வேண்டும். எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை, உயரத்தில் செய்யும் வேலைக்குப் பொருந்துமா என்று படித்துப் பார்க்க வேண்டும். கணக்கில் 3,000 ரூபாய் போட்டது இதற்குத்தான்.

பணம் கொடுக்கும் நாளும் விலையில் சேர்த்திதான். வேலை முடிந்து நாலு மாதம் இழுத்தடிக்கும் சொசைட்டிக்கு அடுத்த முறை அந்த வட்டியும் சேர்ந்தே கொட்டேஷன் வரும். 2006ல் வந்த சிறு, குறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. முன்பணம் கால் பங்கு, பாதி வேலையில் பாதி, முடித்து ஒரு வாரத்தில் மிச்சம் என்று எழுதிக் கேளுங்கள். உடனே பணம் கொடுப்பவருக்கு விலையும் தானாக இறங்கி வரும். இதுதான் நாகரிகமான பேரம்.

"கவர்ன்மெண்ட்லயே எல்-1 தானே சார்" என்று ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் எல்லா கமிட்டியிலும் இருப்பார். அவருக்கும் பதில் உண்டு. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகமே, தரம் முக்கியமான சில வேலைகளில் விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டது. குறைந்த விலை மட்டும் போதாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு நம் சொசைட்டி ஏன் அதையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

கடைசியாக ஒரு வகுத்தல். நியாயமான 80,960க்கும் மலிவான 60,000க்கும் வித்தியாசம் 20,960. 56 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 375 ரூபாய். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரும் செலவு இது. குடும்பத்தோடு ஒரு முறை உடுப்பி ஹோட்டலுக்குப் போனால் இதைவிட அதிகம் ஆகிறது.

கயிற்றில் தொங்குகிற பையன்களிடம் பேசிப் பாருங்கள். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வந்திருப்பார்கள். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து, மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். நாம் டிகிரி சர்டிபிகேட்டோடு வந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அடுத்த மீட்டிங்கில் "யார் கம்மி" என்று குரல் வந்ததும், டிரெஷரர் என்ற முறையில் இந்த 375 ரூபாயை மேஜை மேல் வையுங்கள். இதை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டாவது கயிற்றை விடுகிறோமா என்று கேளுங்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யாரும் எழுந்து "ஆமாம்" என்று சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ஊரில் என்ன கூலி, எத்தனை நாள் ஆகிறது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். புனே, ஐதராபாத், டெல்லி ரேட் எல்லாம் சேர்ந்தால் அடுத்த டிரெஷரருக்கு உதவும்.